தென்னந்தோப்பில் ஆறு கால்கள்: பூச்சிகளைப் பார்த்து ஓர் இயந்திரம் செய்த அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பைச் சாலையில் நின்று பார்த்தால் 25 அடிக்கு ஒரு மரம், நூல் பிடித்த வரிசை. உள்ளே காலை வைத்தால்தான் தரையின் லட்சணம் தெரியும். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வட்டப்பாத்தி, பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால், குறுக்கே சொட்டுநீர் ட்யூப், காய்ந்து விழுந்த மட்டை, பன்னாடை, பாளை, குரும்பை, ஈரம் காப்பதற்காகப் பரப்பிய உரிமட்டை. மனிதர்களே பார்த்துத்தான் நடக்க வேண்டும். இந்தத் தரையில் தானாக நடந்து, மரம் மரமாகப் போய், தண்டில் காதை வைத்துக் கேட்கும் ஒரு சின்ன இயந்திரம் செய்ய வேண்டும் என்று இறங்கினோம். அது இப்போது நடக்கிறது. அதைச் செய்யும்போது கற்றுக்கொண்டது ரோபோ செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கும், என்னைப் போலச் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எதற்குக் காது? சிவப்புக் கூன்வண்டு. இதன் புழு தண்டுக்குள்ளே குடைந்து தின்றுகொண்டே போகும். வெளியே ஓட்டையும் சாறு வடிதலும் கண்ணில் படும்போது உள்ளே பாதி போயிருக்கும். குருத்து வாடும்போது மரத்தையே மறந்துவிட வேண்டியதுதான். பெரியவர்கள் சந்தேகப்பட்ட மரத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்பார்கள். உள்ளே கறகறவென்று மெல்லும் சத்தம் கேட்கும். ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மாமா இதில் கெட்டிக்காரர். ஆனால் அத்தனை மரத்துக்கும் யார் போய்க் காது வைப்பது? "ஏனம்மணி, ஊர்ல இருக்கற மிசினுக்கெல்லாம் பேனல் கட்டறியே, காது வெக்கற மிசின் ஒண்ணு கட்ட முடியாதா?" என்று அவர் கேட்டதில் தொடங்கியது இது. கோவை கணபதியில் எங்களுக்குக் கண்ட்ரோல் பேனல் கட்டும் பட்டறை. மோட்டார், சென்சார், வயரிங் எல்லாம் அன்றாடப் பிழைப்பு. நடக்கிற ஒன்றைச் செய்வது மட்டும் புதிது.

முதலில் சக்கரத்தைத்தான் யோசித்தோம். டிராக்டர் சக்கரம் போலப் பெரிதாக இருந்தால் எதன் மேலும் ஏறிவிடும்; ஆனால் அந்த எடை சொட்டுநீர் ட்யூபை நசுக்கிவிடும். சின்னச் சக்கரம் உரிமட்டைக்கு முன்னால் நின்றுவிடும், ட்யூபை அச்சில் சுற்றிக்கொள்ளும். கால்தான் வழி என்று ஆனதும் எல்லோருக்கும் மனதில் வந்தது நாய் போன்ற நான்கு கால் இயந்திரம். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நான்கு காலில் ஒன்றைத் தூக்கினாலே சமநிலைக்குக் கணக்குப் போட வேண்டும். ஆறு கால் இருந்தால் எப்போதும் மூன்று கால் தரையில் இருக்கும், முக்காலி தானாக நிற்கும். பூச்சிகளில் பெரும்பாலானவை வேகமாக நடக்கும்போது இப்படித்தான் நடக்கின்றன: ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் சேர்ந்து ஒரு முறை, மீதி மூன்று மறு முறை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, கைபேசியில் மெதுவோட்ட வீடியோவை வைத்து ஒரு கட்டெறும்பையும் ஒரு கரப்பானையும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் இரண்டு மூன்று தீக்குச்சியைப் போட்டு, அதைத் தாண்ட விடுங்கள். கால் எங்கே மோதுகிறது, மோதியபின் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எங்கள் வடிவமைப்பில் பாதி அந்த வீடியோக்களிலிருந்து வந்தது. வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். கோவையில் இருப்பவர்களுக்கு அது கையெட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய சொத்து.

பூச்சியின் ஒரு காலுக்குப் பல மூட்டு. அதை அப்படியே செய்யப் போனால் காலுக்கு மூன்று மோட்டார், மொத்தம் பதினெட்டு. விற்கிற ஆறுகால் பொம்மைகள் பெரும்பாலும் இப்படித்தான். மேசை மேல் அருமையாக நடக்கும். பதினெட்டுச் சின்ன கியர்பெட்டிகளைத் தோப்பு மண்ணுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேதான் அமெரிக்காவிலும் கனடாவிலும் ராபர்ட் ஃபுல், டேனியல் கோடிட்செக், மார்ட்டின் பியூலர் முதலானோர் சேர்ந்து செய்த ரெக்ஸ் என்ற இயந்திரம் எங்களுக்குக் கண்ணைத் திறந்தது. 2001 வாக்கில் வெளியான வேலை அது. கரப்பானை வருடக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு அவர்கள் கரப்பான் உருவத்தைச் செய்யவில்லை. காலுக்கு ஒரே மோட்டார், மொத்தம் ஆறு. கால் என்பது, பின்னால் நிலைத்த வடிவத்தில், வளையக்கூடிய ஒரு பிறை வடிவப் பட்டை. அது இடுப்பில் முழுச்சுற்றாகச் சுழலும். தரையில் ஊன்றியிருக்கும் பகுதியில் மெதுவாகவும், மேலே போய்த் திரும்பும் பகுதியில் வேகமாகவும் சுழலும். அவ்வளவுதான். அந்த எளிய கால் பாறைமேட்டில் ஏறிப் போயிற்று.

கரப்பானிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அதன் காலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் குணம். 2002இல் ஃபுல்லும் டெவின் ஜிண்ட்ரிச்சும் ஒரு வேலை செய்தார்கள். ஓடுகிற கரப்பான் முதுகில் குட்டியூண்டு பீரங்கி ஒன்றைக் கட்டி, ஓடும்போதே வெடித்து, பக்கவாட்டில் உதைக்கச் செய்தார்கள். கரப்பான் ஒரு தள்ளாட்டத்தோடு நேராகிவிட்டது. நேராகத் தொடங்கிய நேரத்தை அளந்தால், நரம்பு வழியே செய்தி போய்த் திரும்பி வருவதற்குள்ளாகவே அது தொடங்கிவிட்டது. மூளை கேட்டுச் சொல்லும் முன்பே கால் பார்த்துக்கொண்டது. இந்த ஒரு பரிசோதனையைப் புரிந்துகொண்டால், மூளையையும் உயிரினங்களையும் பார்த்து இயந்திரம் செய்வதில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும். முதல் பணம் காலுக்குப் போக வேண்டும், கணினிக்கு அல்ல.

எங்கள் கால் தண்ணீருக்குப் போடும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் வந்தது. 160 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாய். அதில் கட்டைவிரல் நீள அகலத்துக்கு வளையமாக அறுத்து, வளையத்தில் ஒரு துண்டை நீக்கினால் பிறை கிடைக்கிறது. கையால் அமுக்கினால் உள்வாங்கி, விட்டால் திரும்பும். பக்கத்து லேத் அண்ணன் மோட்டார் தண்டுக்கேற்ற புஷ் கடைந்து, பிறையின் ஒரு முனையை இரண்டு தகடுக்கு நடுவே போல்ட் போட்டுக் கொடுத்தார். இதில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஹெச்டிபிஇயில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. அடிப்பக்கம் பிடிமானத்துக்கு ரப்பர் ஒட்ட வேண்டுமென்றால் ரிவெட்தான். தலை புதையும்படி அடிக்க வேண்டும். நாங்கள் லாரி டயருக்குள் வரும் ஃபிளாப் ரப்பரைப் பட்டையாக அறுத்துப் போட்டோம். இரண்டாவது, இந்தப் பிளாஸ்டிக் தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல மெல்ல நிரந்தரமாக அமுங்கிவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் வேலை முடிந்ததும் இயந்திரம் கால்களை மேலே சுழற்றி வயிற்றில் படுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம். மூன்றாவது, குழாயின் சுவர் கனம்தான் ஸ்பிரிங்கின் கடினம். கடையில் வெவ்வேறு அழுத்தத்துக்கான குழாய்த் துண்டுகள் கழிவில் கிடைக்கும். எல்லாவற்றிலும் ஒரு வளையம் அறுத்து, இயந்திரத்தின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை மேலே வைத்துப் பாருங்கள். அரை அங்குலம் அமுங்குகிற வளையம் எங்களுக்குச் சரியாக வந்தது.

மோட்டார் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார். 12 வோல்ட், உள்ளே வார்ம் கியர், அதாவது திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு. வார்ம் கியரின் நல்ல குணம், மின்சாரத்தை நிறுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். நிற்பதற்குச் சக்தி வேண்டாம், சத்தமும் இருக்காது. காது வைத்துக் கேட்கிற இயந்திரத்துக்கு இது பெரிய வரம். கெட்ட குணம், வெளியிலிருந்து தள்ளினால் விட்டுக்கொடுக்காது. விட்டுக்கொடுக்கும் வேலை முழுவதும் பிறையின் தலையில் விழுகிறது. மோட்டாரின் கடினத்தைக் காலின் மென்மை ஈடுகட்டுகிறதா என்று பார்த்தே இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, உடம்பு ஆயிற்று. மூளை?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராட்னி புரூக்ஸ் 1980களின் கடைசியில் ஜெங்கிஸ் என்று ஓர் ஆறுகால் இயந்திரம் செய்தார். ஒரு கிலோ எடை, பன்னிரண்டு மோட்டார். அதில் மொத்த உலகத்தையும் படமாக வரைந்து வைத்துத் திட்டம் போடும் மையம் என்று ஒன்றே கிடையாது. 57 சின்னச் சின்ன நிலைப்பொறிகள், ஒவ்வொன்றும் தன் சின்ன வேலையை மட்டும் பார்க்கும். கால் கீழே இருந்தால் நில், மோதினால் தூக்கு என்ற அளவில்தான். அவற்றின் மேல் அடுக்கடுக்காக மற்ற நடத்தைகள். அந்த இயந்திரம் மேடுபள்ளத்தில் ஏறி நடந்தது. ஜெர்மனியில் ஹோல்க் க்ரூஸ் குச்சிப்பூச்சியை ஆராய்ந்து காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது: ஒவ்வொரு காலுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு, பக்கத்துக் கால்களுக்கிடையே சில எளிய விதிகள். பூச்சியின் மார்பில் கால் சோடிக்கு ஒன்றாக நரம்புக் கணுக்கள் இருக்கின்றன. நடையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. தலையில் உள்ள மூளை கிளம்பு, நில், திரும்பு, வேகம் என்று மட்டும் சொல்லும்.

நாங்கள் அப்படியே பிரித்தோம். காலுக்கு ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, ஆறு. எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் ஆர்எஸ்-485 கம்பியில் கோத்தோம். பேனல் வேலை செய்பவர்களுக்கு அது கைவந்த சமாச்சாரம். நடுவில் ஒரு பலகை, அது வேகத்தையும் திருப்பத்தையும் மட்டும் அறிவிக்கும். காலின் பலகைக்குத் தெரிந்தவை மூன்றே: என் கோணம் என்ன, என் மேல் எவ்வளவு பாரம், பக்கத்துக் கால் காற்றில் இருக்கிறதா. குச்சிப்பூச்சியின் முக்கியமான விதியை அப்படியே போட்டோம்: எனக்குப் பின்னால் இருக்கும் கால் காற்றில் இருக்கும்வரை நான் தூக்க மாட்டேன். இந்த ஒரு விதியிலேயே நடை தானாக ஒழுங்குக்கு வந்தது. கால்கள் எல்லாவற்றையும் குழப்பமான கோணத்தில் வைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தோம். கொஞ்ச தூரம் தட்டுத் தடுமாறிவிட்டு மூன்று மூன்றாகப் பிரிந்து நடந்தது. யாரும் அதற்கு மூன்று மூன்று என்று எழுதிக் கொடுக்கவில்லை. பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தார்கள்.

பாரத்தை உணர்வதுதான் நேரம் பிடித்தது. மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தால் போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஓடுகிற மோட்டாருக்கு அது சரி. வார்ம் கியர் பூட்டிக்கொண்டு நிற்கும்போது கரண்டே கிடையாது. கால் பள்ளத்தில் தொங்குகிறதா, தரையில் ஊன்றியிருக்கிறதா என்று கரண்டில் தெரியாது. மறுபடி பூச்சியைப் பார்த்தோம். பூச்சியின் காலில் மேலோடு எவ்வளவு வளைகிறது என்பதை உணரும் நுண்ணிய உணர்விகள் உண்டு. அவை காலின் நுனியில் அதிகம் இல்லை, காலின் அடிப்பக்கம், உடம்பை ஒட்டிய இடத்தில்தான் கூட்டமாக இருக்கின்றன. நாங்களும் சுழலும் காலில் எதையும் ஒட்டாமல், மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டில் எடை மெஷினுக்குள் வரும் லோட்செல்லை வைத்தோம். கம்பி முறுக்காது, சேறு படாது. சொட்டுநீர் ட்யூபின் மேல் கால் வைத்தால்கூடத் தெரிகிறது.

இதன் பிறகு இரண்டு அனிச்சைகளை, அதாவது யோசிக்காமல் தானாக நடக்கும் செயல்களை, சேர்த்தோம். கால் மேலே சுற்றி வரும்போது எதிலாவது இடித்துக் கரண்ட் ஏறினால், கொஞ்சம் பின்வாங்கி மறுபடி வரும். ஊன்ற வேண்டிய கோணத்தில் பாரம் வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் சுழன்று தரையைத் தேடும், மற்ற ஐந்தும் காத்திருக்கும். இந்த இரண்டுமே குச்சிப்பூச்சியில் ஆராய்ந்து அறிந்தவை. வட்டப்பாத்தியின் கரையில் இயந்திரம் இறங்கும்போது முன்கால் துழாவித் தரையைத் தொட்டு, அப்புறம் உடம்பை இறக்குவதை மாமா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குக் கண்ணு எங்க இருக்குது?" என்றார். "இன்னும் வெக்கலீங் மாமா. காலுதான் பாத்துக்குது" என்றேன்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. வைப்பர் மோட்டார் ஆறும் ஒரே பேட்டரியில் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து பலகைகள் எல்லாம் ரீசெட் ஆகும். பலகைகளுக்குத் தனி ரெகுலேட்டர், ஒவ்வொரு மோட்டார் முனையிலும் கெப்பாசிட்டர், எர்த் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்வது என்று பேனலில் செய்கிற கட்டுப்பாட்டை இதிலும் செய்யுங்கள். ரோபோ விஷயத்தில் நிரல் தவறு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடுவதில் பெரும்பங்கு மின்சாரக் கோளாறாகத்தான் இருக்கும். கனெக்டருக்குள் சிற்றெறும்பு குடியேறும். ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள்.

வழி கண்டுபிடிப்பதற்குப் போவோம். மரவரிசையின் நடுவே நேராகப் போவதற்கு நாங்கள் தேனீயைப் பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நம் நாட்டில் படித்துப் போன மந்தியம் வீரம்புதி ஸ்ரீனிவாசனும் அவரோடு இருந்தவர்களும் தேனீக்களை ஒரு குறுகிய நடைபாதை வழியே பறக்க விட்டுப் பார்த்தார்கள். தேனீ நட்டநடுவே பறந்தது. ஒரு பக்கச் சுவரின் கோடுகளைத் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தினால், தேனீ அந்தச் சுவரின் பக்கமாக ஒதுங்கியது. தூரத்தை அளப்பதே இல்லை; இரண்டு கண்ணிலும் காட்சி ஓடும் வேகத்தைச் சமமாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. இரண்டு பக்கமும் விலை குறைந்த கேமரா ஒவ்வொன்று, மரத்தண்டு நகரும் வேகத்தைச் சமப்படுத்து என்று எழுதினோம். கோவைப் பட்டறையில் வரிசையாகக் குழாயை நட்டு வைத்து ஓட்டியபோது அருமையாக வந்தது.

தோப்பில் வேறொன்று குறுக்கே வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் அது ஆரம்பித்தால் ஓயாது. கீற்றெல்லாம் ஆடும், கீற்றின் நிழல் தரை முழுக்கவும், அடுத்த மரத்தின் தண்டிலும் ஆடும். கேமராவுக்கு உலகமே நகர்ந்துகொண்டிருக்கும். தேனீயின் கண்ணுக்குப் பின்னால் பத்து லட்சத்தை நெருங்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன, அது சமாளிக்கும். நாங்கள் இரண்டு மாற்றம் செய்தோம். கேமராவைத் தரை தெரியாமல் மேலே தூக்கி, செங்குத்தான கோடுகளை மட்டும் பார்க்கச் சொன்னோம். தண்டு செங்குத்து, நிழல் பெரும்பாலும் அப்படி இல்லை. அப்புறம், கேமராவை நம்பிக்கைக்குரிய ஒரே சாட்சியாக வைக்காமல் எறும்பையும் கூட்டிக்கொண்டோம்.

சகாரா பாலைவனத்து எறும்பு இரை தேடிக் கோணல்மாணலாக அலைந்துவிட்டு, திரும்பும்போது புற்றுக்கு நேர்கோட்டில் வரும். திசையை வானத்து ஒளியிலிருந்து எடுக்கிறது. தூரத்தை? மத்தியாஸ் விட்லிங்கர், ரூடிகர் வேனர், ஹரால்ட் வோல்ஃப் மூவரும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், இரையிடம் வந்து சேர்ந்த எறும்புகளின் காலில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கினார்கள்; வேறு சிலவற்றின் காலைக் குறைத்தார்கள். நீளக்கால் எறும்பு புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது. குட்டைக்கால் எறும்பு முன்னாலேயே நின்று தேடியது. அடியை எண்ணுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். எங்கள் பிறைக்கால் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் ஓர் எண்ணிக்கை. காய்ந்த செம்மண்ணில் அது வழுக்கும், ஈரத்தில் பிடிக்கும், அதனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ஆனால் 25 அடிக்கு ஒரு மரம் வந்தே ஆக வேண்டும் என்பது தோப்பில் உறுதி. மரம் வந்ததும் எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளும். நட்டவர்கள் இடைவெளி பிசகாமல் நட்டிருந்தால் இயந்திரத்துக்குப் பாதி வேலை மிச்சம். திசைக்குக் காந்தத் திசைகாட்டியை மோட்டார்களிலிருந்து தள்ளி ஒரு குச்சியின் உச்சியில் வைத்திருக்கிறோம். மோட்டார் ரூமின் இரும்புக் கதவுக்கு அருகே போனால் மட்டும் அதை நம்பாதே என்று சொல்லியிருக்கிறோம்.

பசி என்ற ஒன்றும் வேண்டும். பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1948, 1949 வாக்கில் ஆமை என்று அழைக்கப்பட்ட சக்கர இயந்திரங்களைச் செய்தார். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் இரண்டே, ஓர் ஒளி உணர்வி, ஒரு தொடு உணர்வி. மிதமான வெளிச்சத்தை நோக்கிப் போகும், கண் கூசும் வெளிச்சத்திலிருந்து விலகும். பேட்டரி இறங்கினால் அந்தக் கூச்சம் மட்டுப்பட்டு, விளக்கு எரியும் கூண்டுக்குள் போய் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பசிக்கென்று தனி நிரல் கிடையாது. வோல்டேஜ் இறங்குவதே பசி. கேட்டதும் எனக்கு மிகவும் பிடித்துப்போன யோசனை. ஆனால் நாங்கள் போட்டது லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரி. அதன் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்துவிட்டுத் திடீரென்று விழும். அதை நம்பினால் இயந்திரம் தோப்பின் கடைக்கோடியில் நின்றுவிடும். அதனால் உள்ளே போன, வெளியே வந்த கரண்டைக் கணக்கு வைத்து, அந்த எண்ணையே பசியாகக் கொடுத்தோம். பசி கூடக்கூட, சார்ஜ் ஏற்றும் சாளையின் (தோப்புக் கொட்டகையின்) விளக்கு அதற்கு மேலும் மேலும் முக்கியமாகும். பழைய லெட் ஆசிட் பேட்டரி வைத்திருப்பவர்கள் வால்டரின் வழியையே பின்பற்றலாம்; அதில் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும்.

நரம்பணுக்களைப் போலவே துடிப்புகளில் இயங்கும் சில்லுகளைப் பற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல துறை, படியுங்கள். ஆனால் மனதில் வைக்க வேண்டிய சில எண்கள் உண்டு. 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஓர் உருண்டைப்புழுவின் முழு இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது; அது என்ன செய்யும் என்பதை அந்த வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் முழுதாகச் சொல்லிவிட முடியவில்லை. ஏறக்குறைய 1,40,000 நரம்பணுக்கள் கொண்ட பழ ஈயின் மூளை வரைபடம் 2024இல் வந்தது. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கின்றன. அசைவைச் சீராக்குவது அதன் முக்கியமான வேலை. உடம்பை ஓட்டுவதற்கே இயற்கை இவ்வளவு செலவு செய்திருக்கிறது. முதலில் ஓர் உடம்பைச் செய்து தரையில் விட்டவர்களுக்குத்தான் எந்தச் சில்லு எதற்கு வேண்டும் என்று கேட்கத் தெரியும்.

கடைசியாகக் காது. இயந்திரம் மரத்தருகே வந்ததும் முன்னாலிருக்கும் இரும்புக் கம்பியை ஸ்பிரிங் அழுத்தத்தோடு தண்டில் ஊன்றுகிறது. கம்பியின் மறுமுனையில் பஸ்ஸரில் வரும் பீசோ தகடு, அதிர்வை மின்சாரமாக மாற்றுவது. தன் சத்தமே தன் காதை அடைக்கும் என்பதுதான் முதல் சிக்கல். பாச்சை என்று நாம் சொல்லும் சில்வண்டு வகைப் பூச்சிக்கும் இதே சிக்கல் உண்டு. இறக்கையை உரசி அது போடும் சத்தம் அதன் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் பூலே, பெர்த்தோல்டு ஹெட்விக் இருவரும் 2002இல் காட்டினார்கள்: இறக்கையை அசைக்கச் சொல்லும் நரம்புச் செய்தியின் ஒரு நகல் கேட்கும் நரம்புகளுக்கும் போய், அந்தத் துடிப்பின் நேரத்துக்கு மட்டும் அவற்றை அடக்கி வைக்கிறது. இடைவெளியில் காது மறுபடி கூர்மையாகிவிடும். நாங்களும் மோட்டாருக்குப் போகும் ஆணையின் நகலையே ஒலிப்பதிவுக்கு அனுப்புகிறோம். ஆணை இருக்கும்வரை பதிவு செல்லாது. நின்று, வளையங்கள் ஆடி அடங்க ஒரு நொடி விட்டு, அப்புறம் கேட்கிறது. ஒலியை வைத்து வடிகட்ட முயல்வதைவிட இது எளிது, நம்பகமானது.

எடின்பரோவில் பார்பரா வெப் செய்த சில்வண்டு இயந்திரங்களிலிருந்து இன்னொன்றையும் எடுத்தோம். அந்தப் பூச்சியின் காது முன்காலில், முட்டிக்குக் கீழே இருக்கிறது; இரண்டு காதும் உள்ளே மூச்சுக்குழாயால் இணைந்தவை. குழாயின் அமைப்பே தன் இனத்துப் பாட்டின் சுருதிக்கு மட்டும் திசை காட்டும்படி இருக்கிறது. வேறு சத்தத்தைப் பிரித்து ஒதுக்கும் வேலை மூளைக்கு வருவதற்கு முன்பே குழாயில் முடிந்துவிடுகிறது. எங்கள் கம்பியின் நீளத்தையும் கனத்தையும் மாற்றி மாற்றி, காற்றில் மரம் முனகும் கனத்த சத்தம் குறைந்தும், சுண்டுகிற சத்தம் நன்றாகவும் வரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நிரலில் செய்வதாக இருந்த வடிகட்டல் பெரும்பகுதி கம்பியிலேயே போயிற்று. நேரமும் முக்கியம். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் தரையே அதிர்கிறது. விடியலுக்கு முன், காற்று விழுந்திருக்கும் நேரம்தான் நல்லது.

இப்போதைய நிலை இது. மாமா காது வைத்து உண்டு என்று சொல்லும் மரத்தில் பதிவைக் கேட்டால் அந்தக் கறகறப்பு நமக்கும் கேட்கிறது. இயந்திரம் தானாக உண்டு, இல்லை என்று சொல்வதற்கு, உள்ளே புழு இருப்பது உறுதியான மரங்களின் பதிவு நிறைய வேண்டும். கூன்வண்டு விழுந்த மரத்தை வெட்டிக் கொளுத்திவிடுவதுதான் வழக்கம், அதுதான் சரியும்கூட. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் அப்படி ஒரு மரத்தை வெட்டப்போகிறீர்கள் என்றால், வெட்டுவதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விடியற்காலை வந்து நிற்கிற மரத்திலேயே பதிவு எடுத்துக்கொள்கிறோம். வெட்டிய பிறகு தண்டைப் பிளந்து, எந்த உயரத்தில் எத்தனை புழு இருந்தது என்று எண்ணவும் அனுமதி வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லாமல் பதிவு மட்டும் இருந்தால் அதைக் கொண்டு இயந்திரத்துக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.